முதல் சண்டைக்கு முன்: டி அண்ட் டி மேசைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

டி அண்ட் டி என்பது நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை சொல்லிப் பகடை போட்டு ஆடும் விளையாட்டு. கதை நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும். சத்திரக்காரனோடு பேரம் பேசியாயிற்று, வரைபடம் கைக்கு வந்தாயிற்று, காட்டுக்குள் இறங்கியாயிற்று. அப்போது டிஎம் (கதையை நடத்தி, எதிரிகளையும் ஆடுகிறவர்) நிமிர்ந்து பார்த்து, "எல்லாரும் இனிஷியேட்டிவ் போடுங்க" என்பார். புதிதாக வந்தவருக்கு அங்கேதான் கை நடுங்கும். பாத்திரத் தாள் நிறைய எண்கள் இருக்கும். எதைக் கூட்டுவது, எப்போது ஓடுவது, ஒன்றும் பிடிபடாது. பக்கத்தில் இருப்பவர் "யாரையாவது அடி" என்பார். இவரும் யாரையாவது அடிப்பார். நாலைந்து சுற்றில் பாதிப் பேர் தரையில் கிடப்பார்கள்.

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கமோ பண்டாரவளைப் பக்கமோ, நாலைந்து பேர் சேர்ந்து இந்த விளையாட்டைத் தொடங்கப் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சண்டை மட்டும்தான். கதாபாத்திரம் உருவாக்குவது தனிக் கதை.

முதல் வேலை: எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் இருவரும் உருவாக்கியது. அதற்குப் பிறகு பல பதிப்புகள் வந்துவிட்டன. இங்கே சொல்வது ஐந்தாம் பதிப்பு. அதிலும் 2014 விதிகள் ஒன்று, 2024இல் திருத்தி வந்தவை இன்னொன்று. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும்; ஆனால் சண்டைக்கு நடுவில்தான் வித்தியாசம் தலைகாட்டும். மேசையில் பாதிப் பேர் ஒன்றையும் மீதிப் பேர் மற்றதையும் படித்துவிட்டு வந்தால் அன்றைய மாலை வாதத்திலேயே போய்விடும். ஆகவே உட்காரும்போதே டிஎம்மிடம் கேட்டுவிடுங்கள்.

புத்தகங்கள் விலை கூடியவை, ஆனால் தொடங்குவதற்கு அவை தேவையில்லை. 2014 விதிகளின் அடிப்படைப் பகுதி எஸ்ஆர்டி 5.1 என்ற பெயரில் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. 2024 விதிகளுக்கு எஸ்ஆர்டி 5.2, 2025இல். இரண்டும் இலவச பிடிஎஃப். டவுனுக்குப் போகும்போது இறக்கி ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். மழை பிடித்து சிக்னல் போனபிறகு தேடிப் பயனில்லை.

பகடைகளில் முக்கியமானது இருபது முகமுள்ள டி20. நாலு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு முகப் பகடைகளும் வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால் ஃபோன் ஆப் போதும். கரண்ட் கட்டில் சார்ஜ் போய்விடும் என்று பயமிருந்தால், 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை ஒரு டின்னில் போட்டுக் குலுக்கி எடுங்கள். எடுத்த சீட்டை உடனே திரும்பப் போட வேண்டும். போடாவிட்டால் ஒருமுறை வந்த 20 மறுபடி வராது, கணக்கே கெட்டுவிடும்.

வரைபடத்துக்கு சதுரக் கட்டக் கொப்பி. ஒரு கட்டம் 5 அடி. இந்த அளவு மனதில் உட்காராவிட்டால் மற்றதெல்லாம் குழப்பம்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பரா (தோட்டக் குடியிருப்பு அறை) ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அது அகலத்தில் இரண்டு கட்டம், நீளத்தில் இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவு. ஃபயர்பால் என்ற தீப்பந்து ஸ்பெல்லின் (மந்திரத்தின்) ஆரம் 20 அடி. அதாவது குறுக்கே 40 அடி, வரிசையாக நாலு காம்பரா. உங்கள் ஆள் அந்த நாலுக்குள் நின்றால் எதிரியோடு சேர்த்து அவனும் வேகுவான். விசார்ட் (மந்திரவாதி) விளையாடுகிறவர் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது எல்லாருக்கும் நல்லது.

உங்கள் முறை வரும்போது

சண்டை தொடங்கியதும் எல்லாரும் டி20 போட்டுத் தாளில் உள்ள டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) மாடிஃபையரைக் கூட்டுவார்கள். அதுதான் இனிஷியேட்டிவ். கூடியவர் முதலில். எல்லாரும் ஒருமுறை செய்து முடித்தால் ஒரு சுற்று. கதைக்குள் அது 6 விநாடிதான்.

உங்கள் முறையில் நடக்கலாம், ஓர் ஆக்ஷன் செய்யலாம். மனிதக் கதாபாத்திரத்துக்கு வேகம் 30 அடி, ஆறு கட்டம். அதை ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்றில்லை. மூன்று கட்டம் போய் வெட்டிவிட்டு மீதி மூன்றை வேறு பக்கம் நடக்கலாம். ஆக்ஷன் என்றால் அடிப்பது மட்டுமல்ல. ஸ்பெல் போடலாம், டேஷ் என்று சொல்லி இன்னொரு மடங்கு ஓடலாம், டாட்ஜ் சொல்லி அடிகளைத் தவிர்க்க முயலலாம், டிஸ்எங்கேஜ் சொல்லி நழுவலாம், ஹெல்ப் சொல்லித் தோழனுக்கு உதவலாம், ரெடி சொல்லிக் காத்திருக்கலாம்.

போனஸ் ஆக்ஷன் எல்லாருக்கும் தானாகக் கிடைப்பதல்ல. ஏதாவது ஒரு திறனோ ஸ்பெல்லோ கொடுத்தால்தான் உண்டு. ரியாக்ஷன் ஒரு சுற்றுக்கு ஒன்று, அடுத்தவர் முறையிலும் பயன்படுத்தலாம். உங்கள் அடுத்த முறை தொடங்கும்போது அது திரும்பக் கிடைக்கும்.

அடிப்பதற்கு டி20 போட்டு, தாளில் எழுதியிருக்கும் எண்ணைக் கூட்டி, எதிரியின் ஆர்மர் கிளாஸுக்கு (அவனை அடிக்கத் தேவையான எண்ணுக்கு) சமமாகவோ கூடவோ வந்தால் பட்டது. பகடையிலேயே 20 விழுந்தால் எப்படியும் படும், சேதப் பகடைகளை இரட்டிப்பாகப் போடலாம். 1 விழுந்தால் எப்படியும் தவறும். மேசையில் இது இப்படித்தான் கேட்கும். டிஎம்மாக ஓர் அக்கா, முதல்முறை விளையாடும் ஒரு தம்பி, எதிரே கோப்ளின் என்ற குள்ள அரக்கர்கள்:

"உன் முறை தம்பி. என்ன செய்ற?"

"ஓடிப்போய் வெட்டுறேன் அக்கா."

"எவனை?"

"கிட்ட இருக்கிற கோப்ளினை. நாலு கட்டம்."

"சரி, இருபதடி. டி20 போடு."

"பதினொண்ணு. அஞ்சு கூட்டினா பதினாறு."

"அவனுக்குப் பதினைஞ்சுதான். பட்டுருச்சு. டி8 போடு."

"ரெண்டு. மூணு கூட்டி அஞ்சு."

"ரத்தம் வருது, ஆனா விழல. இன்னும் பத்தடி நடக்கலாம்."

"அப்ப பின்னால போயிரவா?"

"போகலாம். ஆனா நீ விலகிப் போறப்ப அவன் ரியாக்ஷன்ல ஒரு வெட்டு வெட்டுவான்."

"வேணாம் அக்கா. இங்கயே நிக்கிறேன்."

2014 விதிகளில் அந்தக் கோப்ளினுக்கு 7 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி). 5 போய் 2 மிச்சம். இப்போது அவன் வெட்டின் பலம் எவ்வளவு குறைந்திருக்கும்? ஒன்றும் குறையவில்லை. 7 இருந்தபோது எப்படி வெட்டினானோ அதேபோலத்தான் வெட்டுவான். இந்த விளையாட்டில் காயம்பட்டவன் தளர்வதில்லை. நிற்பான், அல்லது விழுவான்.

தந்திரம் என்று நான் சொல்ல வருவது எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கிறது.

ஆளை எண்ணாதீர்கள், முறையை எண்ணுங்கள்

நீங்கள் நாலு பேர், எதிரே 15 ஹிட் பாயின்ட் உள்ள நாலு ஆர்க்குகள் (கோடரி ஏந்திய முரட்டு அரக்கர்கள்). உங்கள் ஒவ்வோர் அடியும் சராசரியாக 7, 8 எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேரும் ஆளுக்கொருவனை அடித்தால், எல்லா அடியும் பட்டாலும் சுற்று முடிவில் நாலு ஆர்க்கும் நிற்பான்கள். உங்கள் மேல் நாலு கோடரி இறங்கும். அதே நாலு அடியை இரண்டு இரண்டாக இருவர்மேல் போட்டால் பெரும்பாலும் இருவர் விழுந்திருப்பார்கள். திரும்பி வருவது இரண்டு கோடரி. போட்ட பகடை அதேதான். வாங்கும் அடி பாதி. முதல் மட்டத்து விசார்டுக்கு ஏழெட்டு ஹிட் பாயின்ட் இருந்தால் பெரிது. ஆர்க்கின் கோடரி ஒரு டி12 கூட்டல் 3. ஒரே வெட்டு போதும்.

ஆகவே சண்டை தொடங்கியதும் முதல் கேள்வி "யாரை முதலில்?" என்பதாக இருக்கட்டும். என் கணக்கில், சீக்கிரம் விழக்கூடியவனும் அதிகம் தொல்லை கொடுப்பவனும் ஒரே ஆளாக இருந்தால் அவன்தான். பின்னால் நின்று ஸ்பெல் போடுகிறவன் பெரும்பாலும் அந்த வகை. அப்படி யாரும் இல்லையென்றால், ஏற்கெனவே அடிபட்டவன். பெரிய ஆளைப் பார்த்ததும் நேரே அவன்மேல் பாய்வது புதியவர்களின் வழக்கம். அவனோடு வந்த ஆறு சின்ன ஆட்களும் அதற்குள் ஆறு முறை எடுத்துவிடுவார்கள்.

எதிரியின் முறையைப் பறிப்பதற்குக் கொல்வது மட்டும் வழியல்ல. தூங்க வைக்கலாம், கட்டிப் போடலாம், தள்ளிக் கீழே விழுத்தலாம். கீழே விழுந்தவன் எழுந்திருக்கத் தன் வேகத்தில் பாதியைச் செலவழிக்க வேண்டும். அதுவரை பக்கத்தில் நின்று வெட்டுகிறவர்களுக்கு அட்வான்டேஜ். வாசல் ஒன்றில் கவசம் போட்ட ஆளை நிறுத்தி டாட்ஜ் சொல்ல வைத்தால், வெளியே எட்டுப் பேர் இருந்தாலும் வாள் நீட்ட ஒருவருக்கோ இருவருக்கோதான் இடம்.

அட்வான்டேஜ் என்றால் டி20 இரண்டு போட்டுக் கூடியதை எடுப்பது. டிஸ்அட்வான்டேஜ் என்றால் குறைந்ததை எடுப்பது. மேலே அந்தத் தம்பிக்கு 10 விழுந்தாலே படும்; வாய்ப்பு 55 சதவீதம். அட்வான்டேஜ் இருந்தால் கிட்டத்தட்ட 80. டிஸ்அட்வான்டேஜில் 30. அதனால் நன்றாக அடிக்கத் தெரியாதவர் கூட, பலமாக அடிக்கும் தோழனுக்கு ஹெல்ப் கொடுத்தால் அந்த முறை வீணாகாது. ஒன்று கவனியுங்கள்: அட்வான்டேஜுக்கு மூன்று காரணம் இருந்தாலும் பகடை இரண்டுதான். ஒரு பக்கம் மூன்று அட்வான்டேஜும் மறுபக்கம் ஒரே ஒரு டிஸ்அட்வான்டேஜும் இருந்தால் இரண்டும் அடிபட்டுச் சாதாரணப் பகடைதான். பலருக்கு இது அநியாயமாகத் தெரியும். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான். ஆனால் விதி அது.

நம் ஊர் மாதிரி நிலத்தில் சண்டை

நம் டிஎம்மார் வரைபடம் போட்டால் குகையை விடத் தேயிலை மலைதான் இயல்பாக வரும். நல்லதுதான், விதிகளைக் கற்க அதைவிட நல்ல நிலம் இல்லை.

இடுப்பளவு தேயிலைச் செடிக்குப் பின்னால் நிற்கிறவனுக்குப் பாதி மறைப்பு. ஆர்மர் கிளாஸ் 2 கூடும். முக்கால்வாசி மறைந்தால் 5 கூடும். கோப்ளின் குள்ளன், செடிக்கு மேல் தலை மட்டும் தெரிந்தால் முக்கால் என்று டிஎம் சொல்வது நியாயம். அப்போது அவன் 15 இருபதாகிவிடும், உங்கள் 55 சதவீதம் முப்பதுக்கு இறங்கும். முழுக்க மறைந்தவனை நேராகக் குறிவைக்கவே முடியாது. அதோடு கோப்ளினுக்கு இன்னொரு சாமர்த்தியம் உண்டு: போனஸ் ஆக்ஷனில் ஒளியலாம். அம்பு விடுவான், செடிக்குள் அமிழ்வான். திரும்பத் திரும்ப இதையே செய்வான். இதற்குத்தான் ரெடி. "அவன் தலை தூக்கியதும் அம்பு விடுகிறேன்" என்று உங்கள் முறையில் சொல்லி வையுங்கள். அவன் எழும்பியதும் ரியாக்ஷனில் அடிக்கலாம். ஸ்பெல்லை இப்படி ரெடி பண்ணினால் மட்டும் கவனம். அவன் தலை தூக்காமலே இருந்துவிட்டாலும் ஸ்பெல் ஸ்லாட் (எண்ணிக்கைக்குள் அடங்கிய ஸ்பெல் வாய்ப்பு) போனது போனதுதான்.

செடி வரிசைகளுக்குக் குறுக்கே ஏறுவது கடின நிலம். ஓர் அடிக்கு இரண்டு அடி செலவு. ஆறு கட்டம் மூன்றாகிவிடும். 2024 விதிகள் 20 பாகையோ அதற்கு மேலோ சரிவிருந்தாலே கடின நிலம் என்று தெளிவாகச் சொல்கின்றன. நம் மலைகளில் பல அதில் அடங்கும். ஆகவே கொழுந்து எடுக்கப் போகும் நடைபாதையைப் பிடித்தவர்களுக்குத்தான் வேகம். கானுக்குள் (தோட்ட வடிகாலுக்குள்) படுத்தால் தூரத்திலிருந்து வரும் அம்புக்கு டிஸ்அட்வான்டேஜ்; படுக்கச் செலவில்லை, எழும்பத்தான் செலவு.

மேட்டில் நிற்பவனுக்கு ஏதாவது கூடுமா என்று எல்லாரும் கேட்பார்கள். ஐந்தாம் பதிப்பில் உயரத்துக்கென்று தனிச் சலுகை எதுவும் இல்லை. மேட்டின் லாபமெல்லாம் மறைமுகம்: கீழிருந்து வருகிறவன் பாதி வேகத்தில் ஏற வேண்டும், நீங்கள் அதற்குள் இரண்டு அம்பு விடலாம், செடி மறைவு அவனுக்கு அவ்வளவாக உதவாது. சில டிஎம்மார் தாங்களாக ஒரு போனஸ் கொடுப்பார்கள். அது அவர்கள் வீட்டு விதி.

இனி மூடுபனி. அடர்த்தியான பனிக்குள் இருப்பதைப் பார்க்க முயலும்போது நீங்கள் குருடருக்குச் சமம். பார்க்க முடியாதவனை அடித்தால் டிஸ்அட்வான்டேஜ். சரி. ஆனால் அவனும் உங்களைப் பார்க்கவில்லையே? தன்னைப் பார்க்காதவனை அடிக்கிறவருக்கு அட்வான்டேஜ். இரண்டும் சேர்ந்தால் அடிபட்டுப்போகும். ஆக, இருவரும் பனிக்குள் நின்று வெட்டிக்கொண்டால் வெயிலில் வெட்டுவது போலவே சாதாரணப் பகடைதான். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், விதியைப் புரட்டிப் பார்ப்பார்கள், அப்புறம் ஒத்துக்கொள்வார்கள்.

உண்மையில் பனி மாற்றுவது வேறு இரண்டை. "நீ பார்க்கக்கூடிய ஒருவர்" என்று எழுதியிருக்கும் ஸ்பெல் எதுவும் அங்கே வேலை செய்யாது. விலகிப் போகிறவனை ரியாக்ஷனில் வெட்டுவதற்கும் அவனைப் பார்க்க வேண்டும். ஆகவே பனிக்குள் யாரும் பயமில்லாமல் நழுவலாம். இந்த இரண்டாவதைக் கட்டுரை முடியும்முன் இன்னொரு தடவை பயன்படுத்துவோம்.

மேசையில் வாதம் கிளப்பும் கேள்விகள்

விலகும் அடி எப்போது? எதிரியின் எட்டும் தூரத்தை விட்டு வெளியேறினால் மட்டும். அவனைச் சுற்றியே, அவன் எட்டும் தூரத்துக்குள் நடந்தால் இல்லை. டெலிபோர்ட் ஆனாலோ, யாராவது உங்களைத் தள்ளிவிட்டாலோ இல்லை.

ஒரே முறையில் இரண்டு ஸ்பெல்? 2014இல் போனஸ் ஆக்ஷனில் ஒரு ஸ்பெல் போட்டால், அதே முறையில் ஆக்ஷனில் கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவில்லாத சின்ன ஸ்பெல்) மட்டும்தான். 2024இல் ஒரு முறைக்கு ஸ்லாட் செலவழித்து ஒரு ஸ்பெல்தான் என்று மாற்றிவிட்டார்கள்.

கான்சன்ட்ரேஷன் (சில ஸ்பெல்களை நீடிக்க வைக்கும் கவனம்) ஒரு நேரத்தில் ஒரு ஸ்பெல்லுக்கு மட்டும். அடிபட்டால் அது கலையாதிருக்க கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவ் போட வேண்டும், அதாவது டி20 போட்டு எட்ட வேண்டிய எண்: 10, அல்லது பட்ட சேதத்தில் பாதி, எது பெரிதோ அது. 2014, 2024 இரண்டிலும் இதுதான்; 2024இல் மட்டும் அந்த எண் 30ஐத் தாண்டாது. புதியவர்கள் மறப்பது ஒன்று: ஒவ்வோர் அடிக்கும் தனித்தனிச் சேவ். எதிரி விசார்டின் ஸ்பெல்லைக் கலைக்க ஒரு பெரிய அடியை விட மூன்று சின்ன அடி நல்லது.

பதுங்கித் தாக்கினால்? 2014இல் திடுக்கிட்டவர் முதல் முறையை முழுதாக இழப்பார். 2024இல் இனிஷியேட்டிவுக்கு டிஸ்அட்வான்டேஜ் மட்டும். இந்த ஒன்றே சண்டையின் போக்கை மாற்றிவிடும்.

இருபுறமும் சூழ்ந்து நின்றால் அட்வான்டேஜ் என்பது 2014இல் விருப்ப விதி. டிஎம் சேர்த்திருந்தால்தான் உண்டு.

குறிப்பான விதி பொது விதியை வெல்லும் என்று புத்தகமே சொல்கிறது. பாதி வாதம் அதிலேயே தீரும். தீராவிட்டால் டிஎம் அந்த இடத்திலேயே ஒரு முடிவு சொல்ல வேண்டும், மற்றவர்கள் ஏற்றுக்கொண்டு விளையாட வேண்டும். கேள்வியைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்து, முடிந்தபிறகு பிளேன் டீயோடு தேடிப் பார்க்கலாம். தப்பென்று தெரிந்தால் அடுத்த தடவையிலிருந்து திருத்தம். நடந்து முடிந்த சண்டையைத் திருப்பி ஓட்டுவது கூடாது. விளையாடுகிறவர்கள் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. சந்தேகத்தைப் பகடை போடும்முன் கேளுங்கள். பகடை சரியாக விழாத பிறகு கேட்கும் விதிக் கேள்வியை எந்த டிஎம்மும் விரும்பமாட்டார்.

யாராவது விழுந்தால்

ஹிட் பாயின்ட் 0 ஆனால் பெரும்பாலும் நினைவிழப்புதான், சாவு இல்லை. அவருடைய ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் வெறும் டி20. 10 அல்லது மேல் வந்தால் வெற்றி, கீழே என்றால் தோல்வி. மூன்று வெற்றி வந்தால் நிலைப்படுவார், மூன்று தோல்வியில் செத்தார். 20 விழுந்தால் 1 ஹிட் பாயின்ட்டோடு கண்விழிப்பார். 1 விழுந்தால் இரண்டு தோல்வி. கிடக்கிறவரைப் பக்கத்தில் நின்று வெட்டினால் பட்ட அடி கிரிட்டிகல் (20 விழுந்தது போல இரட்டைச் சேதப் பகடை), அதுவும் இரண்டு தோல்வி. அதனால் விழுந்தவர் பக்கத்தில் எதிரி நின்றால் "அடுத்த சுற்றில் பார்ப்போம்" என்பது ஆபத்து.

வைத்தியத்திலும் அதே முறைக் கணக்குதான். நின்றுகொண்டிருப்பவருக்கு 5 ஹிட் பாயின்ட் கூட்டினால் எதிரியின் அடுத்த அடியிலேயே அது போய்விடும். விழுந்தவருக்கு 1 கொடுத்தால் ஒரு முழு முறை திரும்பக் கிடைக்கிறது. அதனால்தான் கிளெரிக்குகள் (வைத்தியமும் செய்யும் குருமார்) ஹீலிங் வேர்ட் என்ற குணமாக்கும் ஸ்பெல்லை விரும்புகிறார்கள்: போனஸ் ஆக்ஷன், 60 அடி தூரத்திலிருந்து போடலாம். ஹீலிங் போஷன் (மருந்துக் குப்பி) தருவது 2டி4 (டி4 இரண்டு) கூட்டல் 2; 2014இல் குடிக்க ஓர் ஆக்ஷன், 2024இல் போனஸ் ஆக்ஷன். எழுப்பப்பட்டவர் தரையில்தான் கிடப்பார், எழும்பப் பாதி வேகம் போகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

தோற்கும் சண்டையை விட்டு ஓடுவதை முதல் ஆள் விழும்போதே யோசியுங்கள். இரண்டாவது ஆளும் விழுந்தால் தூக்க ஆளிருக்காது. வெறுமனே திரும்பி ஓடினால் எல்லாரும் முதுகில் ஒரு வெட்டு வாங்குவார்கள். டிஸ்எங்கேஜ் சொன்னால் அந்த முறையில் டேஷ் இல்லை. கோப்ளினின் வேகமும் 30 அடி, அவன் வில் 80 அடி வரை சிரமமில்லாமல் எட்டும். யாரிடமாவது ஃபாக் கிளவுட் இருந்தால் அதற்கான ஸ்லாட் ஒன்றை மிச்சம் வைக்கச் சொல்லுங்கள். முதல் மட்டத்து ஸ்பெல், 20 அடி ஆரத்துக்கு அடர்பனி, 120 அடிக்குள் எங்கே வேண்டுமானாலும் போடலாம். எதிரியும் நீங்களும் சேர்ந்து உள்ளே இருக்கும்படி போடுங்கள். பார்க்க முடியாதவனை விலகும்போது வெட்ட முடியாது என்பதால் டிஸ்எங்கேஜ் தேவைப்படாது. அந்த ஆக்ஷனை டேஷுக்கு வைத்துக்கொண்டு, விழுந்தவரைத் தூக்கக்கூடிய பலசாலியை முதலில் அனுப்புங்கள், ஸ்பெல் போட்டவர் அடிபடாத இடத்தில் கடைசியாக வரட்டும். அவர் கான்சன்ட்ரேஷன் உடைந்தால் பனி அப்போதே கலைந்துவிடும்.